ஓட்டை விழுந்த வெள்ளம்

என் மாப்பிள்ளை ரகுவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடியாத கடிதம் இது. நீ போன துக்கத்தைவிட உன் மேல் இருக்கும் கோபம்தான் எனக்குப் பெரிதாக இருக்கிறது. நெஞ்சு வலிக்கிறது என்றவன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், "கேஸ்தான் மச்சான், ஷாட்டு முடியட்டும்" என்று சோடா குடித்தாயே. ஷாட்டும் முடியவில்லை, நீயும் இல்லை. நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அதே மாடி அறைதான். ஏரி உடைந்து தெருவுக்குள் வெள்ளம் புகும் அந்த சினிமாக் காட்சியோடுதான் இத்தனை நாளும் மல்லுக்கட்டினேன். உன் பங்கை நீ செய்துவிட்டுப் போயிருந்தாய். கம்ப்யூட்டரில் நீ அவிழ்த்துவிட்ட துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, சுவரில் மோதித் திரும்பி, தண்ணீர் மாதிரியே ஓடின. ஆனால் அவை வெறும் புள்ளிகள். அவற்றின் மேல் தோல் போர்த்தி, வெளிச்சம் பட்டால் மின்னும் பரப்பாக்க வேண்டியது என் வேலை. நாம் மெஷ் என்போமே, அதுதான்.

அந்த மெஷ் என்னைப் படுத்திவிட்டது. ஒவ்வொரு புள்ளியையும் சின்ன உருண்டையாக்கினால், வெள்ளம் ஜவ்வரிசி கொட்டியதுபோல இருந்தது. உருண்டையைப் பெரிதாக்கினால் கூழ். வழவழப்பாக்கினால் மெழுகு. அலை மெல்லியதாக விரிகிற இடத்தில் எது செய்தாலும் ஓட்டை. நடுவில் கரண்ட் வேறு போய்விடும்.

சென்னையில் நமக்கு வேலை தரும் மேடம் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார். துகள் போதவில்லை, புதிதாக ஓட்டுங்கள் என்றார். எனக்கும் தெரியும். சோதனைக்காகக் குறைவான துகள்களில் நீ ஓட்டிப் பார்த்தது அது. புள்ளியே இல்லாத இடத்தில் எதன் மேல் தோல் போர்த்துவது? தெரிந்தும் மறுத்தேன். நீ கடைசியாக ஓடவிட்ட தண்ணீர். துகளைக் கூட்டினால் அதே ஓட்டம் திரும்பி வராதே.

உன் மனைவி, என் தங்கச்சி, சாப்பாடு கொண்டுவந்தாள். நான் மவுஸை மேசையில் அடித்ததைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணா, இன்னும் அதையேவா வெச்சிக்கினு இருக்கிற?"

"அவன் ஓடவிட்டதும்மா."

"அவரு இருந்திருந்தா இத எப்பவோ தூக்கிப் போட்டிருப்பாரு. நீ புடிச்சி வெச்சிக்கினா மட்டும் அவரு வந்துடுவாரா?"

அவள் அழவில்லை. டிபன் கேரியரைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

அன்றைக்கே துகள்களைப் பல மடங்கு கூட்டிப் புதிதாக ஓட்டினேன். இந்த முறை மெஷ்ஷில் ஓட்டை இல்லை. அனுப்பினேன். மேடத்திடமிருந்து ஓகே என்று ஒரே வார்த்தை வந்தது.

ஆனால் ரகு, உன் தண்ணீரில் கோயில் சுவரில் மோதிய அலை இடப்பக்கம் திரும்பி, அங்கே சாத்தியிருந்த சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகும். என்னுடையது நேராகப் போய்விட்டது. சைக்கிள் நனைந்தபடி அங்கேயே நிற்கிறது. படம் பார்ப்பவர் யாருக்கும் இது உறைக்காது. இதைச் சொல்லி எரிச்சல்படக்கூட உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

படத்தில் உன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீ செய்தது இப்போது அதில் இல்லையே என்கிறார்கள். இல்லைதான். ஆனாலும் போடும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன், இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
சேகர்