அவன் கோபத்தைக் கேட்காத அறை

என் செல்ல மகள் கோமதிக்கு,

நீ போய் இரண்டு ஆடித்தபசுத் திருவிழா கழிந்துவிட்டது. எனக்கு எழுத்து தெரியாது. எதிர்வீட்டு டெய்லர் அண்ணாச்சி எழுத, நான் சொல்லி வருகிறேன். அழுகை வரவில்லை. சோறு இறங்குகிறது, உப்புதான் தெரியவில்லை.

பிள்ளை உன்னிடம் இருக்க வேண்டுமா, உன் புருஷனிடமா என்று பார்க்க, கோர்ட்டு நம்மை மனநல ஆலோசகரிடம் அனுப்பிய அன்று நீ பச்சைச் சேலை கட்டியிருந்தாய். வாசலில் நான்தான் சொன்னேன்: "அழாதட்டி. அடுத்தாளு முன்னால கண்ணு கலங்குனா இளக்காரமாப் போவும்." உன் அம்மா செத்த அன்றும் அதைத்தானே சொன்னேன்?

நீ அழவில்லை. உன் புருஷன் அழுதான்.

பிறகு ஆலோசகர் என்னைக் கூப்பிட்டார். உனக்குக் கோபம் வருமா, எதிர்த்துப் பேசுவாயா என்று கேட்டார். வரும், பேசுவாள் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மருமகனைப் பற்றி ஒரே கேள்வி, என்ன வேலை என்று. லாரி ஆபீஸ் என்றேன். எழுதியதை வாசித்துக் காட்டாமல் தாளை நீட்டினார். பெருவிரலை வைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டாய்: "அவுக கோவத்தைப் பத்தி அந்த ஆலோசகரு கேக்கலியாப்பா?"

"ஆம்பளைன்னா கோவம் வரத்தான செய்யும்" என்றேன். அவன் முறித்த உன் கை அப்போதுதான் கூடியிருந்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நீ பாசமில்லாதவள், முன்கோபக்காரி, பெற்ற தகப்பனே ஒப்புக்கொண்டார் என்று ஆலோசகரின் அறிக்கையில் இருந்ததை நம் வக்கீலம்மா வாசித்தார். அவன் பாசமுள்ள தகப்பனாம். நீ அழுதிருந்தால் அந்த ஆலோசகர் என்ன எழுதியிருப்பார்? பித்துப் பிடித்தவள் என்றா?

உன் மகள் முத்து அவனோடு புளியங்குடிக்குப் போனாள். மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோகும்வரை மாதம் ஒருநாள்தான் அவளைப் பார்த்தாய்.

இப்போது பேத்தியை என்னிடம் விடச் சொல்லி மனு போட்டிருக்கிறேன். போன வாரம் வேறொரு ஆலோசகர். அவரும் உன்னிலிருந்துதான் தொடங்கினார், மகளுக்குக் கோபம் வருமா என்று.

"வரும்யா. அவன் கையை முறிச்சான், வந்துச்சு. அவன் கோவத்தையும் கேளுங்க. நான் சொல்லுதத எழுதி வாசிச்சுக் காட்டுங்க, பொறவுதான் ரேகை வைப்பேன்."

பேனாவை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எடுத்தார்.

தீர்ப்பு எப்படி வருமோ, தெரியாது. முத்து என்னிடம் வந்தாலும் வராவிட்டாலும், அவளிடம் ஒருநாளும் அழாதே என்று சொல்லமாட்டேன்.

இதை இரண்டு தடவை வாசிக்கக் கேட்டு ரேகை வைக்கும்,
உன் அப்பா.