மூன்றாவது ஆள்

1979 ஜூன் 4, திங்கள்

காவல் நிலையத்தில் வாராந்திரக் கையெழுத்து. பள்ளியை விட்டு வெளியேறி ஊர்வலம் நடத்தியதற்கு வெள்ளையர் அரசு கொடுத்த பரிசு இந்தத் தடை ஆணை. இந்த ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரே ஒருவருடன்தான் இருக்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் அது கூட்டம், குற்றம். ஒரு வருடம் முடிந்தது. இன்னும் நான்கு.

சார்ஜண்ட் ப்ரிட்ஸ் பேனாவை நீட்டினான். "உன் ஆளுங்க பஸ்ஸ விட்டுட்டு நடந்தே வேலைக்குப் போறாங்களாமே. எத்தனை நாளைக்கு?"

"வெள்ளைக்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னு எங்களை ஏழு மைல் தள்ளி வெச்சது நீங்க. பஸ் கட்டணத்த ஏத்துனதும் நீங்க. நீங்களே சொல்லுங்க."

ஜூன் 6

என் வீடு கடைசி வீடு. இங்கே ஜூன் என்றால் குளிர்காலம். விடியலில் நடப்பவர்கள் எல்லோரும் என் வேலியைத் தாண்டித்தான் நகரத்துக்குப் போக வேண்டும். வணக்கம், அக்கா என்று எங்கள் மொழியில் குரல் கொடுப்பார்கள்.

"மோலோ, சிசி! எங்களை நடக்க விட்டுட்டு நீ போர்வைக்குள்ளயா?"

"பனியில உன் மூக்கு விழுந்துரப் போகுது, பொத்திக்கிட்டு நட."

சிரித்தபடி போகிறார்கள். நடக்கச் சொன்னவள் நான். நடக்காதவளும் நான் ஒருத்திதான்.

ஜூன் 9

போராட்டக் குழு ஐந்து பேர். ஒருவர் போன பிறகு அடுத்தவர். ஒரே பேச்சை ஐந்து முறை பேசினேன். பகல் முழுக்கப் போனது.

ஜூன் 17, ஞாயிறு

பக்கத்து வீட்டு மா ராதெபே வேலிக்கு மேல் எட்டிக் கூப்பிட்டாள். அவள் ஊறவைத்த சோள பியர் புளித்துக் குடிக்கப் பதமாகியிருந்தது. அவள் மட்டும்தான் இருந்தாள், போனேன். பாதியில் அவள் கொழுந்தன் பின்பக்கமாக வந்து உட்கார்ந்தான். அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

அவன் ஒரு வாய் குடித்துவிட்டு பியர் டின்னை என்னிடம் நீட்டினான். நீட்டிய டின்னை இங்கே யாரும் மறுப்பதில்லை. அது முகத்தில் துப்புவது மாதிரி. வாங்கினேன், குடித்தேன், அவளிடம் கொடுத்தேன். நிமிர்ந்தால் வேலிக்கு வெளியே ப்ரிட்ஸின் கார்.

மரியாதைக்காக என்று எழுதினால் பாதிப் பொய். ஒரு வருஷமா யாரும் எனக்கு டின் நீட்டல. அதான் உக்காந்துட்டேன். முட்டாள்.

ஜூன் 22

வழக்கு போட்டுவிட்டார்கள். கொழுந்தன் ஊரை விட்டே ஓடிவிட்டான். வேலி இடுக்கில் எத்தனை தலை என்று ப்ரிட்ஸுக்குச் சரியாகத் தெரியவில்லை. இருக்கும் ஒரே சாட்சி மா ராதெபே. அவள் சொன்னால் எனக்கு மூன்று வருடம் சிறை, நடப்பவர்களும் கலைந்துபோவார்கள். சொல்லாவிட்டால் அவள் உள்ளே போக வேண்டும்.

ஜூன் 27

நேற்று முழுக்க அவள் வேலிப் பக்கம் திரும்பவில்லை. இன்றும் இல்லை. ப்ரிட்ஸ் இரண்டு முறை அவள் வீட்டுக்கு வந்து போனான். கோபப்பட எனக்கு என்ன உரிமை? ஆனா கோபம் வருது.

ஜூலை 3, செவ்வாய்

மா ராதெபே தேவாலயத்துக்குப் போகும் தொப்பியைப் போட்டுக்கொண்டு கூண்டில் ஏறினாள்.

அரசு வக்கீல் கேட்டார்: "மூணு பேரா இருந்தீங்களா?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லலன்னா ஜெயிலுக்குப் போவே."

"போறேன், ஐயா. அங்கயாவது சுத்தி நாலு பேர் இருப்பாங்க."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லுமுன் வாய்க்குள் சிரித்துக்கொண்டார். அவளுக்கு ஆறு மாதம் சிறை போட்டார்கள். சாட்சி இல்லாததால் என் வழக்கு விழுந்தது.

கூட்டிக்கொண்டு போகும்போது என்னைத் தாண்டினாள். "என் கோழிக்குத் தண்ணி வை. பயப்படாத, அதுங்கள ஆளுன்னு எண்ண மாட்டாங்க."

இத்தனை நாள் அவளை என்னவெல்லாம் நினைத்தேன்.

ஜூலை 10

ஏழு கோழிகள். ஒன்று கொத்துகிறது.

ஜூலை 16, திங்கள்

குழுவிலிருந்து ம்சிகிசி மூச்சிரைக்க ஓடி வந்தான். "எறக்கிட்டான், சிசி! பழைய கட்டணம்தான்! ஜெயிச்சுட்டோம்." முற்றத்தில் தனியாக ஆடினான். நான் கைதட்டினேன். "ஹாலில எல்லாரும் காத்திருக்காங்க, வரட்டுமா?" என்று ஓடினான்.

பாட்டு இங்கே வரை கேட்டது. நானும் பாடினேன்.

ஜூலை 17

பழக்கத்தில் விடியுமுன் எழுந்து வேலியருகே போய் நின்றேன். இரண்டு பேருந்துகள் நிறைய ஆட்களோடு போயின. கண்ணாடியெல்லாம் மூச்சுப் பனி படிந்திருந்தது, ஒரு முகமும் தெரியவில்லை. புழுதி அடங்கியது.

பிறகு சாலையில் யாரும் வரவில்லை. ஏழு மணி வரை நின்றேன்.