பந்து விழாத படம்

மார்ச் 4

எடிட்டிங் அறையில் ஏ.சி. மறுபடி படுத்துவிட்டது. தங்கையும் படுத்திருந்தாள், என் நாற்காலிக்குப் பின்னாலிருக்கும் சோபாவில். அங்கிருந்தபடியே "அக்கா, இன்னும் ஒரு துளி குறை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இயக்குநர் என்றால் அதுதான் வேலை. அந்தத் துளி எது என்று கேட்காமல் குறைப்பது எடிட்டர் வேலை.

படம் இரண்டு சகோதரர்களைப் பற்றியது. ஒரே வீடு, ஒரே பயிற்சியாளர், ஒரே அறையில் இரண்டு கட்டில். கடைசியில் பேட்மின்டன் இறுதிப் போட்டியில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். நிஜத்தில் அவர்கள் சகோதரர்கள் இல்லை. நானும் அவளும். கதையைக் கேட்டுவிட்டுத் தயாரிப்பாளர், "பிரமாதம்மா, அழுதுட்டேன். அப்படியே ரெண்டு பேரையும் ஆம்பளையா மாத்திடுங்க" என்றாராம். அவளும் மாற்றிவிட்டாள். நானாக நடிப்பவர் ஒரு தாடிக்காரர். குனிந்து ஷூ நாடா கட்டும்போது தாடி முழங்காலில் இடிக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வேடமாம். நாள் முழுக்க என்னையே அந்தத் தாடியோடு பார்த்துப் பார்த்து, மதியம் கண்ணாடியில் என் மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 6

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு, முதல் படத்திலிருந்தே. ஒரு வெட்டில் சண்டை வந்து யாரும் இறங்கி வரவில்லை என்றால், அந்த இடத்தில் காட்சிக்குப் பதில் வெறும் கருப்புத் திரையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். திரும்பி வருவதற்குள் யாராவது ஒருத்திக்குச் சூடு ஆறியிருக்கும். பெரும்பாலும் எனக்குத்தான். மூத்தவளாகப் பிறந்தவள் சீக்கிரம் ஆறவேண்டும் என்று எங்கேயோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு டீ குடித்தே வயிறு புண்ணாகிவிட்டது.

மார்ச் 11

கடைசிக் காட்சிக்கு வந்துவிட்டோம். வந்துதானே ஆகவேண்டும்.

நடந்ததை இங்கேயாவது நேராக எழுதிவைக்கிறேன். பள்ளிக்கூட நாளில், எனக்கும் தங்கைக்கும் கிளப் இறுதிப் போட்டி. கடைசிப் புள்ளி. அவள் தூக்கி அடித்த பந்து என் தலைக்கு மேலே பின்கோட்டுக்குப் போகிறது. நான் தொடவில்லை. வெளியே போகிற பந்தைத் தொடாமல் விடுவதும் ஆட்டம்தான். ஒரு விரல் அகலம் தள்ளி, வெளியே விழுந்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அந்த கிளப்பில் கோட்டு நடுவராக உட்கார ஆள் கிடையாது. ஆடுகிற பிள்ளைகளின் பெற்றோரைத்தான் மூலைக்கு ஒருவராக உட்கார வைப்பார்கள். அந்த மூலையில் இருந்தது அம்மா. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கையைக் கோட்டை நோக்கி நீட்டினாள். உள்ளே.

கோப்பை அவளுக்கு. இப்போது அது அம்மா வீட்டுப் பால்கனியில் இருக்கிறது. அதில் அம்மா துணி கிளிப் போட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறை துணி காயப்போடும்போதும் நான் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.

இந்தக் காட்சியைத் தங்கை நிறைய டேக் எடுத்திருக்கிறாள். ஒன்றில் பந்து கோட்டின் மேலேயே விழுகிறது. இன்னொன்றில், ஐயோ, எவ்வளவு அழகு, கோட்டைத் தாண்டி, வெளியே. அதைத்தான் வைத்தேன்.

"அக்கா, கோட்டுல படறத வை."

"வெளியதான் விழுந்துச்சு."

"இது படம்க்கா. உன் வாழ்க்கை வரலாறு இல்ல."

"அப்புறம் எதுக்கு அம்மா வேஷத்துக்கு அம்மாவோட குடையையே வாங்கிட்டுப் போன?"

அன்று அம்மா மடக்கிப் பிடித்திருந்த அதே பூப்போட்ட குடை. படத்திலும் அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். குடைக்கு மட்டும் உண்மை வேண்டும், பந்துக்கு வேண்டாம்!

மார்ச் 12

கருப்பு. டீ. யாருக்கும் ஆறவில்லை.

மார்ச் 15

தயாரிப்பாளர் வந்தார். கூடவே ஒரு தலைவலியும் வந்தது. தாடிக்காரர் எந்தப் படத்திலும் தோற்க மாட்டாராம். கையெழுத்துப் போடும்போதே பேசி முடித்திருக்கிறார். சரி, தம்பி தோற்கட்டும் என்றால், தம்பியாக நடிக்கும் சிக்ஸ்பேக்காரரும் அதே நிபந்தனையோடுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடும் படம் என்பது கையெழுத்து வாங்கும் அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

தயாரிப்பாளர் எங்கள் சோபாவில் உட்கார்ந்து யோசித்தார்.

"பந்து நெட்டுல சிக்கிக்கிச்சுன்னா?"

"அப்பவும் ஒருத்தர் தோத்துடுவார் சார்."

"நடுவருக்கு நெஞ்சு வலி வந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்களேன்?"

நானும் தங்கையும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். பிறகு சண்டை ஞாபகம் வந்து, இருவரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டோம்.

மார்ச் 19

சொல்லிவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள்.

"அந்த டேக்க வெச்சேன்னா, அடுத்த படத்துக்கு நான் வேற எடிட்டரப் பாத்துக்கறேன்."

வெச்சுக்கோ. நல்லா வெச்சுக்கோ. உன் படத்துல எங்க அழணும், எங்க மூச்சு விடணும்னு வேற எவளுக்காவது தெரியுமா? நீ சொல்ல வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே யாரு வெட்டி வெப்பா? போ.

அழுதேன். கோபத்தில்தான். கோபத்தில் மட்டும் இல்லை. அவள் படம் இல்லாமல் எனக்கு என்ன வேலை இருக்கிறது என்று யோசித்தேன். வேலை இருக்கிறது. மற்றவர்கள் படம் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அந்தச் சோபாவில் யார் படுப்பார்கள்?

மார்ச் 23

பேச்சு இல்லை. அவள் காலையில் வந்து போகிறாள், நான் மதியம் வந்து போகிறேன். கடைசி ரீலை மட்டும் நான் திறப்பதே இல்லை. திறந்தால் கோட்டில் விழுகிற பந்தை வைத்துவிட்டுப் போயிருப்பாள். அதைப் பார்த்து என் ரத்தம் கொதிக்க வேண்டாம்.

மார்ச் 28

இன்று முன்னோட்டக் காட்சி.

பத்திரிகைக்காரர்கள், விநியோகஸ்தர்கள், இரண்டு ஹீரோக்கள், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்த பட்டாளம். நான் இந்தக் கோடி, அவள் அந்தக் கோடி. கடைசிக் காட்சி. பந்து மேலே போகிறது. தாடிக்காரர் மட்டையை இறக்கிக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார். பந்து இறங்குகிறது. மூலையில் அம்மா, குடையோடு. பந்து இன்னும் இறங்குகிறது.

கருப்பு.

எங்கள் கருப்பு! பன்னிரண்டாம் தேதி டீ குடிக்கப் போகும்போது போட்டது! அது முடியும்வரை அரங்கில் சத்தமே இல்லை. பிறகு பெயர்கள் ஓட ஆரம்பித்தன. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இருட்டில் அவள் வாய் அசைந்தது தெளிவாகத் தெரிந்தது: "நீ போடலையா?" நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் வைத்திருப்பேன் என்று அவள் அந்த ரீலைத் திறக்கவில்லை. அவள் வைத்திருப்பாள் என்று நான் திறக்கவில்லை. இரண்டு ராணிகளின் வீம்பில் ஒரு படத்துக்கு முடிவே இல்லாமல் போயிருக்கிறது.

செத்தோம் என்று நினைத்தேன். அப்போது யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும். ஒரு விமர்சகர் எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பந்தை நம் மனசாட்சியில் விழவிட்டிருக்கிறார்கள்" என்றார். தாடிக்காரர் வந்து என் கையைக் குலுக்கி, "நான் ஜெயிச்சத எவ்வளவு நாசூக்கா காட்டிட்டீங்க" என்றார். அந்தப் பக்கம் சிக்ஸ்பேக்காரர் அவள் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அதே வசனம்தான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

தயாரிப்பாளர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "இது வேணும்னே பண்ணதுதானே?"

"ஆமா சார்," என்றோம், அந்தக் கோடியிலிருந்தும் இந்தக் கோடியிலிருந்தும் ஓடி வந்து.

ஏப்ரல் 9

படம் ஓடுகிறது. ஓட்டமென்றால் அப்படி ஓட்டம். பந்து எங்கே விழுந்தது என்று வீடு வீடாகச் சண்டை. ஒருவர் காற்றின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் படம் வரைந்து வெளியிட்டிருக்கிறார். உள்ளரங்கில் ஏதைய்யா காற்று? இன்னொருவர் அந்தக் கருப்பு முழுக் கருப்பு அல்ல, அதற்குள் ஒரு சாம்பல் நிறம் இருக்கிறது, அதுதான் நம்பிக்கை என்று எழுதியிருக்கிறார். அது அந்தத் தியேட்டரின் திரையில் இருக்கும் அழுக்கு.

தங்கை பேட்டி கொடுத்திருக்கிறாள். "இந்தக் கதை பிறந்த நாளிலேயே அந்த இருளும் என்னோடு பிறந்துவிட்டது."

பிறந்துவிட்டதாம்! பொத்தானை அழுத்தியது யார்? நான்.

ஏப்ரல் 11

நானும் பேட்டி கொடுத்தேன். "எடிட்டிங் மேசையில்தான் அந்த மௌனம் கருக்கொண்டது" என்று சொன்னேன். கருக்கொண்டது என்ற சொல் என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தேன்.

அவளிடமிருந்து ஒரே ஒரு செய்தி: "கருக்கொண்டதா? த்தூ." சண்டைக்குப் பிறகு அவள் எனக்கு அனுப்பிய முதல் வார்த்தை.

ஏப்ரல் 16

அம்மாவைப் படத்துக்கு அழைத்துப் போனேன். கண்கொட்டாமல் பார்த்தாள். தன் குடை வரும்போதெல்லாம் என் தொடையைத் தட்டினாள். கடைசியில் இருட்டானதும், நிசப்தமான அரங்கில், உரத்த குரலில்:

"கரென்ட் போயிடுச்சா?"

முன்வரிசையில் தேம்பிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பி முறைத்தார்.

"இல்லம்மா, அவ்வளவுதான் படம்."

"அவ்வளவுதானா? யார் ஜெயிச்சதுன்னு சொல்லாம எப்படி அனுப்பலாம்? போய்க் கேளு. மிச்சத்தப் போடச் சொல்லு."

ஏப்ரல் 17

அம்மா வீடு. தங்கையும் வந்திருந்தாள். அம்மாதான் இருவரையும் சொல்லாமல் கொள்ளாமல் வரவழைத்திருந்தாள், கரென்ட் போன விஷயமாக விசாரிக்க. பால்கனியில் கோப்பை, அதில் கிளிப்புகள். கேட்டேவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நேராகக் கேட்டதில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான்.

"அம்மா, அன்னைக்கு அந்தக் கடைசிப் பந்து. உள்ளயா, வெளியயா?"

"எந்தப் பந்து?"

தங்கை சொன்னாள்: "நான் கப்பு வாங்கினேனே, அந்தப் பந்து."

"அதுவா. நான் எங்கடி பாத்தேன்? அடுப்புல பால வெச்சுட்டு வந்துட்டோமேன்னு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. நிமிர்ந்தா, எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க. எதையாவது காட்டணுமே."

நான் விடவில்லை. "அதுக்கு ஏம்மா உள்ளன்னு காட்டின?"

"வெளியன்னா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டணும்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. என் ஒரு கையில குடை இருந்துச்சுல்ல?"

நானும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அம்மா ஒரு கிளிப்பை எடுத்துத் துண்டில் மாட்டினாள்.

"பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு போச்சு. அத யாரும் படமா எடுக்க மாட்டீங்க. ஆமா, என் குடை எங்க?"

ஏப்ரல் 18

குடை.

ஒரு குடை.

ஜூன் 2

காலையில் எடிட்டிங் அறைக் கதவு திறந்தது. தங்கை. கையில் புதுப் படத்தின் வெட்டாத காட்சிகள் அடங்கிய ஹார்ட் டிஸ்க், அக்குளில் அம்மாவின் குடை. கலை இயக்குநரோடு சண்டை போட்டு மீட்டாளாம். எதுவுமே நடக்காதது மாதிரி சோபாவில் கால் நீட்டிப் படுத்தாள். வேறு எடிட்டர் என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் வேலை நடந்தது. பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"வெளியதான்க்கா விழுந்துச்சு. நான் எதிர்ல இருந்து பாத்தேன். அப்பவே தெரியும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். அது வந்தது. உடனே என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"இல்ல. கோட்டுல பட்டுச்சு."

"என்னக்கா விளையாடறியா? நான் விட்டுக்குடுக்கறேன்."

"நீ யாருடி எனக்கு விட்டுக்குடுக்க? நான் நின்ன இடத்துலேர்ந்து எனக்குத் தெரியாதா? உள்ள."

"வெளிய!"

"உள்ள!"

எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தொண்டை கிழியக் கத்தினோம். பக்கத்து அறை ஒலிப்பதிவாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். கடைசியில் இருவருக்கும் மூச்சு வாங்கியது. திரையில் புதுப் படத்தின் முதல் காட்சி பாதியில் நின்றுகொண்டிருந்தது. அங்கே கருப்பைப் போட்டேன். டீ குடிக்கக் கிளம்பினோம்.

வெளியே மழை. இருப்பது ஒரே குடை. அவள்தான் பிடித்தாள். என் பக்கமாகவே சாய்த்துப் பிடித்தாள். அவள் தோள் முழுக்க நனைகிறது, வேண்டுமென்றே செய்கிறாள். இதிலும் அவள்தான் ஜெயிக்க வேண்டுமா? பாதித் தெருவில் குடையைப் பிடுங்கி அவள் பக்கம் சாய்த்தேன். அவள் திரும்பப் பிடுங்கினாள். டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம்.