குல்மார்க்குக்குப் போகாத கம்புகள்

பெரிய காஞ்சிபுரம்,
19-1-1974.

அன்புள்ள அண்ணனுக்கு அம்சா வணக்கத்துடன் எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் பனிச்சறுக்குக் கட்டைகளும் வீட்டிலேயே சுகமாக இருக்கின்றன. அதைச் சொல்ல வேண்டியிருப்பதால்தான் இந்தக் கடிதம் தாமதம்.

ஜெர்மனியில் உங்களோடு தொழிற்சாலையில் பயிற்சி பெற்ற நண்பர்கள் பிப்ரவரியில் காஷ்மீரில் குல்மார்க்குக்கு வருகிறார்கள், கட்டையும் ஊன்றிச் சறுக்கும் கம்பும் இல்லாமல் போனால் அறையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கத்தான் லாயக்கு, உடனே டில்லிக்கு அனுப்பு என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கே ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த உங்கள் பெட்டியைத் திறந்து, இரண்டு கட்டைகளையும் இரண்டு கம்புகளையும் துடைத்து வைத்துவிட்டேன். அடியில் மெழுகு பூசியிருப்பதால் தரையில் படாமல் பழைய வேட்டிமேல் வைத்திருக்கிறேன். அதற்குமேல் எதுவும் என் கையில் இல்லை.

முதலில் தபாலாபீஸுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் அளந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னாம்மா, தென்ன மரத்தையே தூக்கிக்கினு வந்துட்டே" என்றார். இவ்வளவு நீளம் தபாலில் போகாதாம். பிறகு பூவராகவன் மாமா, சேலை மூட்டையோடு மெட்ராஸ் போகும்போது சென்ட்ரலில் ரயில் பார்சல் போட்டுவிடுவதாகச் சொன்னார். பொங்கல் கழிந்து நல்ல நாள் பார்த்து அம்மாவும் நானும் பஸ் ஸ்டாண்டுவரை போனோம். மேலே ஏற்றும்போது கண்டக்டர், "இன்னா சார் இது, பாடை கட்டற கட்டையா?" என்று கேட்டுவிட்டார். அம்மா உடனே மாமா கையிலிருந்து கட்டைகளை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

"புள்ளைக்குப் போற சாமான், அந்த வார்த்தையோட ஊரைத் தாண்டக் கூடாது" என்கிறாள். நார்வே நாட்டில் தபால்காரர்கள்கூட இதைக் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள் என்று பள்ளி நூலகத்தில் படித்ததைச் சொன்னேன். "அந்த ஊர்ல இந்தக் கண்டக்டர் இல்லல்ல" என்றாள்.

மாமா மறுபடி மெட்ராஸ் போவதற்குச் சில நாள் ஆகும். என்மேல் கோபப்படாதீர்கள். எப்படியும் அனுப்பிவிடுவேன்.

உங்கள் தங்கை,
ப. அம்சா.

பெரிய காஞ்சிபுரம்,
30-1-1974.

அன்புள்ள அண்ணனுக்கு,

கட்டைகள் நேற்று ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டன. ரசீதை இதோடு வைத்திருக்கிறேன். ஸ்டேஷனில் "மரச் சாமான்" என்றுதான் எழுதினார்களாம். பனிச்சறுக்குக் கட்டை என்று எழுதச் சொல்லும்படி மாமாவிடம் படித்துப் படித்துச் சொல்லியும் பயனில்லை. சாக்கு சுற்றித் தைத்தது அப்பாதான். முன்பக்கம் வளைந்த நுனி உடையக் கூடாதென்று கழிவுப் பட்டுநூலைப் பந்தாகச் சுருட்டி இரண்டு நுனியிலும் கட்டினார். அவ்வளவு நேரம் அவர் தறியைவிட்டு எழுந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் கம்புகள் அதில் இல்லை.

கட்டும்போது தேடினேன், காணவில்லை. தறிக்குப் போய்ப் பார்த்தால், நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் கலந்துவிடாமல் பிரித்து வைக்க மூங்கில் குச்சி இரண்டு செருகுவார்களே, அந்த இடத்தில் உங்கள் கம்புகள் இருக்கின்றன. நுனி வளையத்தையும் தோல் வாரையும் கழற்றி ஆணியில் மாட்டியிருக்கிறார். அப்பா சந்தோஷமாகவே சொன்னார்: "அகலத்துக்கு அளவெடுத்தாப்பல இருக்குதும்மா. வழுவழுன்னு கீது, ஒரு இழை சிக்கல."

வேறு குச்சியைப் பக்கத்தில் செருகிவிட்டு இதை உருவிக் கொடுங்கள் என்றேன். "கல்யாணச் சேலைக்குப் பூசை போட்ட முகூர்த்தப் பாவு. சேலையை முடிச்சு அறுத்து இறக்கறவரைக்கும் குச்சிய மாத்தக் கூடாது" என்றார். போன ஆடியில் குச்சி பிளந்தபோது மாற்றினீர்களே, அதுவும் முகூர்த்தப் பாவுதானே என்று கேட்டேன். அப்பா தறி மிதியை மிதிக்கத் தொடங்கிவிட்டார். கோபத்தில் நான் அன்று சாப்பிடவில்லை. அம்மா தட்டை எடுத்துக்கொண்டே, "அவ்ளோ புஸ்தகம் படிக்கிறே, உனக்கு ஒண்ணும் புரியறதில்ல" என்றாள்.

அதன்பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசித்துப் பார்த்தேன்.

உங்கள் கடிதத்தை வழக்கம்போல உரக்கப் படித்தேன். குல்மார்க்குக்கு வருகிறவர்கள் பெயரையும் படித்தேன். உர்சுலா என்று வந்ததும் அப்பா நிறுத்தச் சொன்னார். "போட்டோவுல உங்கண்ணன் பக்கத்துல கம்பு புடிச்சிக்கினு சிரிக்குதே, அந்தப் பொண்ணா?" என்றார். ஆமாம், அவர்தான் அண்ணனுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தாராம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். மறுநாள், நீங்கள் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய அந்தப் போட்டோ சுவரில் இல்லை. நல்ல நாள் பார்ப்பதும் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

இன்னொன்று. தறியில் இருக்கும் சேலை எந்தக் கடைக்கும் இல்லை. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. அம்மாவே நிறம் சொன்னாள். பிள்ளையார்பாளையத்துக் கமலாட்சியின் அம்மா இரண்டுமுறை வந்து உங்கள் நட்சத்திரம் கேட்டுப் போனார். அம்மாவும் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டு வந்தாள். இதை உங்களுக்கு எழுது என்று யாரும் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கமலாட்சி அக்காவை உங்களுக்கு நினைவிருக்கிறதா? என் பள்ளியில்தான் படித்தார். கணக்கில் கெட்டிக்காரர். முந்தாநாள் காமாட்சியம்மன் கோயிலில் பார்த்தபோது, தன் தலையிலிருந்த கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி என் சடையில் வைத்துவிட்டார். உன் அண்ணன் எப்போது வருவார் என்று கேட்கவில்லை. வேறு எதையோ கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உர்சுலா உங்களுக்கு யார் என்று எனக்குத் தெரியாது. கேட்பது என் வயதுக்கு அழகில்லை. சிநேகிதி மட்டும் என்றால் அப்படி எழுதுங்கள். இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஆனால் எனக்கு எழுதாதீர்கள். வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் என் பெயருக்கே வருகிறது. நான் படிக்கிறேன், அவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இந்தமுறை உறைமேல் அப்பா பெயரை எழுதுங்கள். பெரிய எழுத்தாக எழுதினால் அவரே கூட்டிப் படித்துவிடுவார்.

மலையில் யாரிடமாவது கம்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா கூப்பிட்டு, "ஏம்மா, கம்பு இல்லாம சறுக்கினா வுழுவானா?" என்று கேட்டார். விழுவார் என்றேன். நான் தெருமுனை திரும்பும்வரை தறிச் சத்தம் கேட்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தேன். கம்புகள் பாவில்தான் இருந்தன. சேலை பாதிக்குமேல் வந்துவிட்டது.

நீங்கள் விழாமல் இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறாள். அப்பாவுக்கு எழுதுங்கள் அண்ணா. சேலையை அறுத்து இறக்குவதற்குள் எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
அம்சா.