டைகரின் கழுத்துத் தகடு

மன்னார்,
26.09.1974

அன்பான தங்கச்சி பெற்றிசியாவுக்கு,

அக்கா செலீனா எழுதுகிறேன். மடு மாதாவின் காவலில் நீயும் தோமஸும் கொழும்பில் சுகமாய் இருக்க வேண்டும். தோமஸின் கண் ஒப்பரேசன் கட்டை அவிழ்த்தாயிற்றா? அவிழ்த்தவுடன் வெயிலில் திரிய விடாதே. சொல்வழி கேட்கிற மனிசன் இல்லை உன் புருசன்.

நீ என்னைக் காவலுக்கு விட்டுப்போன வீட்டுக்குப் பெரிய பழுதில்லை. முருங்கைக் கொப்பு முறிந்து விழுந்ததில் இரண்டு ஓடு உடைந்தது. படலை திறந்திருந்த நேரம் பார்த்துக் கழுதைகள் உள்ளே வந்து உன் ரோசாச் செடியைத் தின்றுவிட்டன. அதற்காக என்னை ஏசாதே. நான் உன்னை ஏச வேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது.

உன் நாய் டைகர் பக்கத்து வீட்டு ஆமினாவைக் கடித்துவிட்டது. திங்கட்கிழமை பின்னேரம் எனக்கு நோன்புக் கஞ்சி கொண்டு வந்தவள். படலைச் சத்தத்துக்கு ஓடிப்போய் அவளுடைய கெண்டைக்காலைக் கவ்வியது. நான் போய் இழுப்பதற்குள் பல் இறங்கிவிட்டது. அவள் கிணற்றடிக்குப் போய், நாயின் வாய் பட்டால் அவர்கள் கழுவுகிற முறைப்படி ஏழு தரம், அதில் ஒரு தரம் மண்ணும் பூசிக் கழுவினாள். கழுவினது நல்லது, மண் பூசினதுதான் கூடாது என்று டொக்டர் சொன்னாராம்.

ஆமினாவுக்கு இது ஏழாம் மாதம். எத்தனை வருசம் காத்திருந்து தங்கின பிள்ளை என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெறிநாய் விசருக்கு ஊசி போட்ட நாய் என்றால் அதைப் பத்து நாள் கட்டி வைத்து, சாகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பொறுக்கலாம், போடாத நாய் என்றால் இவளுக்கு வயிற்றைச் சுற்றி ஊசி குத்தத்தான் வேண்டும், இந்த நேரத்தில் அது சும்மா விசயமில்லை என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அவள் புருசன் சனூன் மூச்சிரைக்க ஓடிவந்து, "அக்கா, இதுக்கு ஊசி போட்டதுதானே?" என்று கேட்டான். நான் டைகரின் கழுத்தில் தொங்கிய பித்தளைத் தகட்டைத் தூக்கிக் காட்டி, "ஓம் தம்பி, ஊசி போட்டுத் தாற தகடு கிடக்குது, பயப்பிடாதையுங்கோ" என்றேன். அந்தச் சொல்லை நம்பித்தான் ஆமினாவுக்கு இன்னும் ஊசி போடவில்லை.

அயலில் நாலைந்து பேர் நாயை அடிக்கப் பொல்லோடு வந்தார்கள். மறித்தது சனூன்தான். இந்த நாயின் உயிரில்தான் என் பெண்சாதியின் உயிரும் கிடக்கிறது, ஒருவரும் கை வைக்கக் கூடாது என்று படலையில் நின்றுகொண்டான். நாயைத் தொடாத மனிதன், இப்போது காலையும் மாலையும் யன்னலுக்கு வெளியே நின்று அது தின்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறான்.

நேற்றிலிருந்து அது தின்னவில்லை. தோமஸின் கட்டிலுக்குக் கீழே போய்க் கிடக்கிறது. தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. உங்களைத் தேடுகிறது என்றுதான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். விசர் என்றால்? 

நேற்று மத்தியானம், கழுத்துப் பட்டி இறுக்கமோ என்று தளர்த்தப் போனேன். தகட்டின் ஒரு மூலை மடங்கியிருந்தது. பெற்றிசியா, அந்த மூலையை எனக்குத் தெரியும். உன் பழைய நாய் றெக்ஸ் வேலிக் கம்பியில் மாட்டுப்பட்டபோது, தகட்டைக் குறட்டால் பிடித்து இழுத்து அதை மடக்கியவள் நான்தான். றெக்ஸ் செத்து ஒரு வருசமாகிறது. செத்த நாயின் தகட்டையா டைகருக்குக் கட்டிவிட்டிருக்கிறாய்? தகடில்லாத நாயைப் பிடிக்கச் சபைக்காரர் வந்தால் தப்பட்டும் என்று கட்டியிருப்பாய். ஊரில் பாதிப்பேர் செய்கிற வேலைதான். ஆனால் ஊசியும் போட்டாயா, இல்லை தகடு மட்டும்தானா?

முதலில் உன் பதில் வரட்டும் என்றுதான் இருந்தேன். சனூனுக்குத் தெரிந்தால் நீ திரும்பி வந்து அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பாய் என்றும் யோசித்தேன். நேற்றும் ஆமினா நொண்டி நொண்டி வந்து வேலிக்கு மேலால் கஞ்சி தந்தாள். என்னால் அதைக் குடிக்க முடியவில்லை, ஆறிப்போய் இன்னும் குசினியில் இருக்கிறது.

ஆகையால் இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே சனூன் வீட்டுக்குத்தான் போகிறேன். நான் சொன்னதை நம்ப வேண்டாம், அது செத்த நாயின் தகடு, இன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லப் போகிறேன். உன் பெயரையும் சொல்லத்தான் வேண்டும். கோபம் வந்தால் பட்டுக்கொள்.

நீ ஊசி போட்டிருந்தால், கடிதம் கண்ட கையோடு சனூனுக்குத் தந்தி அடி. 'போட்டது' என்று ஒரு சொல் போதும். வீணாக ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஊசிக்கு அனுப்பினவள், கூடப்பிறக்காவிட்டாலும் தங்கச்சியாய் இருப்பவள்மேல் பழி போட்ட பொய்க்காரி என்று ஊர் என்னை ஏசட்டும். அந்தப் பெயர் எனக்கு வரவேண்டும் என்று மாதாவிடம் மன்றாடுகிறேன். நீயும் மன்றாடு.

உன் அக்கா,
செலீனா