பிடித்த பிறகும் ஆட்டம் உண்டு

செப்டம்பர் 7, ஞாயிறு

வேலை பார்க்கும் சாக்லேட் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ரக்பி பழகப் போனேன். வடகவுஞ்சி கபடி டீமில் இத்தனை வருஷம் கார்னரில் நின்று ஆள் பிடித்தவள் நான், பயமா எனக்கு? கூக்கால் ஊர்க்காரி ஒருத்தி பந்தோடு பாய்ந்து வந்தாள். கணுக்காலைப் பிடித்துக் கவிழ்த்தேன். என்ன ஒரு பிடி! எழுந்து நின்று கையை உயர்த்தினேன். விசில் வரவில்லை. அதற்குள் பந்து வேறொருத்தி கைக்குப் போய், எல்லைக் கோட்டையும் தாண்டிவிட்டது. என் கை இன்னும் மேலேயே இருந்தது.

"அவ அவுட்டு இல்ல அமலி. இங்க பிடிச்ச பிறகுதான் சண்டையே," என்றார் கோச் தேவசேனா மேடம்.

செப்டம்பர் 9

ஆக்ஸிலியா பேசுவதில்லை. எங்கள் கபடி கேப்டன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் தோழி. "அந்த முட்டைப் பந்தத் தூக்கிட்டு ஓடவா எங்கள விட்டுட்டுப் போன?" என்று கேட்டதோடு சரி. போகட்டும். எனக்கும் ரோஷம் உண்டு.

செப்டம்பர் 10

ரோஷம் போதவில்லை. போன் செய்தேன். எடுக்கவில்லை, கழுதை.

செப்டம்பர் 14

மறுபடியும் கையைத் தூக்கினேன். மேடம் சிரித்துவிட்டார். ரக்பியிலேயே லீக், யூனியன் என்று இரண்டு உண்டாம். லீக்கில் பிடித்ததும் விட்டு விலக வேண்டும். விழுந்தவர் எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்டுவார். நாங்கள் ஆடும் யூனியனில் விழுந்தவர் பந்தை விட்டுவிட வேண்டும். பிடித்தவர் ஆளை விட்டு எழுந்து பந்தை எடுத்துக்கொள்ளலாம்.

"லீக்ல இருந்து வர்ற பெரிய ஆட்டக்காரங்களே கொஞ்ச நாள் முழிப்பாங்க. நீ கபடியில இருந்து வந்திருக்க. முழிச்சுக்க, ஆனா வெரசா!"

28ஆம் தேதி மாவட்ட அணித் தேர்வு. அன்றும் கை தூக்கினால் அவ்வளவுதான்.

செப்டம்பர் 21

ஒரே மூடுபனி. பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டும். பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். ஒரு பாஸ் அந்த வழியாகச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போன குதிரைக்காரருக்குப் போனது. அழகாகப் பிடித்தார்.

செப்டம்பர் 27

நாளை தேர்வு. ஆக்ஸிலியாவிடம் சொல்லாமல் எதற்கும் போனதில்லையே நான்! வாட்ஸாப்பில் சொன்னேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. படிக்கத் தெரியுதுல்ல, எழுதத் தெரியாதாடி ஒனக்கு?

செப்டம்பர் 28

வத்தலக்குண்டு மைதானம். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசி ஆட்டத்தில் ஒரு நெட்டைப் பெண் பந்தோடு தனியாகப் பறந்தாள். கணுக்கால் அகப்பட்டது. விழுந்தாள். எழுந்தேன் - பாவி கை தானாக மேலே போனது.

"அடியேய், கைய எறக்கு! பந்து சும்மா கெடக்கு, எடுடீ!"

எந்தக் கூட்டத்திலும் அந்தக் குரல் எனக்குத் தெரியும். பந்தை அள்ளிக்கொண்டு ஓடினேன். கோட்டுக்கு அப்பால் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். வேலியோரம் ஆக்ஸிலியா, கத்திய கத்தலில் இருமிக்கொண்டிருந்தாள்.

என்னை அணியில் எடுத்துவிட்டார்கள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "ஒனக்காகக் கத்தல. அந்தப் பந்து அனாதையாக் கெடந்துச்சு, பாக்கப் பொறுக்கல," என்றாள். இந்தச் சட்டமெல்லாம் எப்போது படித்தாய் என்று கேட்டால் பேச்சை மாற்றினாள்.

செப்டம்பர் 30

காலையில் வாசலில் ஆக்ஸிலியா, ஷூ மாட்டிக்கொண்டு. "ஒங்கூட ஓட வர்றேன். கபடிக்குத்தான், வேற நெனப்பு வேணாம்."

சரியென்று சேர்ந்து ஓடினோம். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது கேட்டாள்: "ஆமா, ஒங்க ரக்பியில கேப்டன யாரு முடிவு பண்றது?"