எழுந்து நின்றவள்

ஜூன் 2, செவ்வாய்

டாக்டர் அந்தக் கிழவரின் பல்செட்டை மறுபடியும் எங்கள் லேபுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். "கடிச்சா இடிக்குதாம்." மெழுகு மாதிரியை வாயில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உரசி, பாலிஷ் போட்டு வீடு வந்து சேர இருட்டிவிட்டது.

நெட்டை பள்ளிக்கூட விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். மசோதா இருபத்து நான்காம் தேதி ஓட்டெடுப்புக்கு வருகிறதாம். எங்களைப் போல ஜோடியாக வாழும் பெண்கள் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம். இப்படிப்பட்டவர்கள் என்பதற்காக யாரையும் வேலையைவிட்டு அனுப்பக் கூடாது. இரண்டும் அதற்குள் இருக்கிறது.

"பாஸாச்சுன்னா நேரா ரிஜிஸ்டர் ஆபீஸ். நீ ஹீல்ஸ் வெச்ச செருப்பு வாங்கிக்கோ குள்ளி. போட்டோல அம்மாவும் பொண்ணும் மாதிரி இருக்கக் கூடாது."

சிரித்தேன். அம்மாவிடம் யார் சொல்வது என்றேன். "பதினோரு வருஷமா இதையே பாடுறே" என்றாள்.

போன வருஷம் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது நர்ஸ் என்னை "நீங்க யாரு?" என்று கேட்டாள். ஃபிரெண்ட் என்றேன். "சொந்தக்காரங்க வந்தா சொல்றோம்." அவளோடு பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணன் வந்தான். டாக்டர் எல்லாவற்றையும் அவனிடம்தான் சொன்னார். நான் சுவரோரமாக அவள் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்துதான் அவளுக்கு இந்தக் கல்யாணப் பைத்தியம். "மோதிரமெல்லாம் யாருக்கு வேணும்? நீ யாருன்னு கேட்டா சொல்ல ஒரு வார்த்தை வேணும்."

ஜூன் 7, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஃபாதர் என்னை நிறுத்தினார். அடுத்த வாரம் எல்லாக் கோயில்களிலும் பிஷப்பின் சுற்றறிக்கை வாசிக்கிறார்களாம், அந்த மசோதாவுக்கு எதிராக. "அன்னிக்குப் பாட்டெல்லாம் நல்லா அமையணும். பாடகர் குழுவுக்கு நீதானே பொறுப்பு, உன்னைத்தான்மா நம்பியிருக்கேன். நாம யாரையும் வெறுக்கல. கல்யாணம்னா கல்யாணம், அவ்வளவுதான்."

எனக்கு நிமோனியா வந்தபோது தினமும் வந்து பார்த்துவிட்டுப் போன மனுஷன். கெட்டவர் என்று எழுத மனம் வரவில்லை. சரி ஃபாதர் என்றேன்.

சரி ஃபாதர்! என் வாயில் வேறு வார்த்தையே கிடையாதா?

ஜூன் 11, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறாளாம் நெட்டை. காணிக்கைப் பாட்டை நான் தனியாகப் பாடுவதைக் கேட்க வேண்டுமாம். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள். சுற்றறிக்கையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது, விட்டுவிட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

நெட்டை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாடகர் குழு பீடத்துக்குப் பக்கவாட்டில், எல்லாரையும் பார்த்தபடி. பிரசங்கத்துக்குப் பதிலாக ஃபாதர் சுற்றறிக்கையை வாசித்தார். இந்தச் சட்டம் குடும்பத்தின் வேரையே வெட்டும், பிள்ளைகளுக்குத் தாய் தந்தை என்பதே இல்லாமல் போகும், எதிர்ப்பது ஒவ்வொரு கத்தோலிக்கரின் கடமை. நல்ல நிதானமான குரல். தாளை மடித்துவிட்டு, "குடும்பத்தின் பக்கம் நிற்பவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார்.

எழுந்துவிட்டேன்.

பிரசங்கம் முடிந்தால் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்ல வேண்டும். நடை பழகிய நாளிலிருந்து அப்படித்தான். ஃபாதர் தாளை மடித்தால் முழங்கால் தானாக நிமிர்ந்துவிடும். யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. முதலில் நான், அப்புறம் குழு, அப்புறம் பெஞ்சுகள் கிறீச்சிடக் கோயில் முழுவதும். மூன்றாவது வரிசையில் அம்மாவும் எழுந்தாள். பின்னால் பார்த்தேன். எங்கள் எல்லாரையும்விட உயரமானவளைக் காணோம். அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதாவது நான் உட்கார்ந்திருக்கலாம். எழுந்தது பழக்கம், சரி. உட்காராதது யார்? குழுவில் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருதி கொடுத்தேன். பாடினேன். பிசிறில்லாமல் பாடினேன், வெட்கம் கெட்டவள்.

வீட்டுக்கு வந்தபோது எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்திருந்தாள்.

"பழக்கத்துல எழுந்துட்டேன்டி."

"தெரியும். நின்னதும் பழக்கம்தானா?"

ஜூன் 16, செவ்வாய்

பேசிக்கொள்கிறோம். பால் வாங்கணும், குழாய் சொட்டுது—அந்த மாதிரி.

ஜூன் 18, வியாழன்

நெட்டை வேலை பார்க்கும் பள்ளியின் தாளாளர் சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாராம். அவள் எழுந்து நிற்காதது யார் கண்ணிலோ பட்டிருக்கிறது. படாமல் இருக்குமா? சிஸ்டரே தப்பிக்க வழி எடுத்துக் கொடுத்திருக்கிறார்: "கால் கீல் வலியா டீச்சர்?" இந்த மகராசி, "இல்ல சிஸ்டர், என் கல்யாணத்துக்கு எதிரா நான் எப்படி எழுந்து நிப்பேன்?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். யாரோடு கல்யாணம் என்று கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லையாம்.

கத்தினேன். உனக்குப் பைத்தியமாடி, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா, கால் வலின்னு சொன்னா நாக்கு அழுகிடுமா? கத்தி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் பேரைச் சொல்லல. பயப்படாதே" என்றாள்.

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் பயந்தது அதற்குத்தானே.

ஜூன் 19, வெள்ளி

திங்கட்கிழமை விசாரணை. சிஸ்டரும் ஃபாதரும் இருப்பார்கள். "நீயும் வா. ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல உட்காரு, போதும்."

வருகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஜூன் 22, திங்கள்

போகவில்லை.

அவசர வேலை இருந்தால் கொடுங்கள் என்று நானே முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். முன்பற்கள், நிறம் பொருத்த வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தது. போன் அடித்தது. அவள்தான். அடித்து நின்றது.

அம்மா காதுக்குப் போனால் அம்மா செத்தே போவாள். கோயிலில் பாட விட மாட்டார்கள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார். இதையெல்லாம் அவள் யோசிக்கவே மாட்டாளா? இல்லை, யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாளா?

நெட்டைக்கு வேலை போய்விட்டது. கத்தோலிக்கப் பள்ளி, கத்தோலிக்க ஒழுக்கம், ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம். சட்டம் வந்துவிட்டால் இப்படி அனுப்ப முடியாது, திரும்பக் கேட்கலாம் என்கிறாள். நாளை மறுநாள் ஓட்டெடுப்பு. ஏன் வரவில்லை என்று கேட்பாள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

ஜூன் 24, புதன்

தோற்றுவிட்டது. கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான்.

வேலைப் பாதுகாப்பையாவது தனியாகப் பிரித்து நிறைவேற்றுவார்கள் என்று நெட்டை டிவி முன்னாலேயே இருந்தாள். அதையும் சேர்த்தே குப்பையில் போட்டார்கள். எங்கள் தொகுதி உறுப்பினர் வெளியே வந்து மைக்கில் சொன்னார்: "மக்கள் மனசு எனக்குத் தெரியும். எங்க ஊர்க் கோயில்ல ஒருத்தர் பாக்கி இல்லாம எழுந்து நின்னாங்க."

நெட்டை சிரித்தாள். "என்னைக் கணக்குலயே சேர்க்கல பாரு." டிவியை அணைத்துவிட்டுப் போய் முகம் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

ஜூன் 28, ஞாயிறு

கோயிலில் நன்றிப் பூசை. பாடினேன்.

ஜூலை 4, சனி

வேறு ஊரில் ஒரு டியூஷன் சென்டரில் வேலை கிடைத்திருக்கிறது. பாதிச் சம்பளம். புத்தகங்களை எனக்கே விட்டுவிட்டாள், கெமிஸ்ட்ரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். வாசலில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "வான்னு உன்னைக் கூப்பிட மாட்டேன் குள்ளி. கூப்பிட்டா வரேன்னு சொல்லுவே. அப்புறம் நான் பாட்டுக்கு வழியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."



ஜூலை 13, திங்கள்

லேபில் முதலாளி: "உங்க ஃபிரெண்ட் ஊரை விட்டே போயிட்டாங்களாமே. இனிமே ஜாலிதான், வீடு பூரா உங்களுக்கு." ஆமாம் சார் என்று சிரித்தேன். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 19, ஞாயிறு

போன் செய்தேன். எடுத்தாள். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அங்கே யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள்.

ஜூலை 25, சனி

சாயங்காலம் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "அவ என் ஃபிரெண்ட் இல்ல ஃபாதர். பதினோரு வருஷம் அவகூடக் குடும்பம் நடத்தினேன். அவளுக்கு நான் தேவைப்பட்ட அன்னிக்குக் கைவிட்டுட்டேன். அந்தப் பாவத்துக்குத்தான் வந்திருக்கேன்."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஃபாதர் கேட்டார்:

"இப்ப அவங்க எங்கேம்மா?"

"போயிட்டா ஃபாதர்."

"அப்ப கடவுளே பார்த்து வழி பண்ணிட்டார்மா." அத்தனை கனிவாகச் சொன்னார். நான் சொல்ல வந்த பாவம் அவர் காதில் பாவமாகவே விழவில்லை. மன்னிப்பு மந்திரத்தைத் தொடங்குவதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வரிசையில் அம்மா நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தன் முறையை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். தெருமுனை தாண்டினோம். அப்புறம், "ராத்திரி தூங்குறியாடி?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"உங்கப்பா போனப்போ எனக்கும் அப்படித்தான். அந்தப் பக்கம் கை போகும், ஆள் இருக்காது."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். எப்போதிலிருந்து தெரியும் அம்மாவுக்கு? வேறு ஒன்றைக் கேட்டேன், கோபமாகவே கேட்டேன்: "அப்ப ஏம்மா அன்னிக்கு எழுந்து நின்னே?"

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நான் உன்னைத்தான்டி பார்த்துக்கிட்டிருந்தேன். நீ எழுந்தே, நானும் எழுந்தேன்."